கதிர்வீச்சுப் பட்டைகளின் இழப்பை அளக்கும் பலூன்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸிலிருந்தும் கோலாலம்பூருக்குத் தெற்கே சிப்பாங்கிலிருந்தும் நாள்தோறும் இரண்டு முறை வானிலைப் பலூன்கள் விடப்படுகின்றன. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் திசை ஆகியவற்றை அளந்து வானொலி அலை வழியாக அனுப்பியபடியே மேலேறும் அந்தப் பலூன்கள், 30 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி விரிந்து வெடித்துவிடும். வானிலை அறிவிப்புக்கு அந்த உயரம் போதும். ஆனால் அதே உயரத்தில், அல்லது அதைவிடச் சற்று மேலே, வெடிக்காமல் பல நாள் மிதந்துகொண்டு, பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிகழும் ஒன்றை அளக்கும் பலூன்களும் இருக்கின்றன. பூமியைச் சூழ்ந்திருக்கும் கதிர்வீச்சுப் பட்டைகளிலிருந்து எவ்வளவு எலக்ட்ரான்கள், எப்போது, எந்த இடத்தில் வளிமண்டலத்துக்குள் விழுகின்றன என்பதையே அவை அளக்கின்றன. விண்வெளியை அறிய விண்கலங்கள் இருக்கும்போது பலூன் எதற்கு என்ற கேள்வி இயல்பானது. இந்த ஓர் அளவீட்டைப் பொறுத்தவரை, விண்கலத்தால் செய்ய முடியாததைப் பலூன் செய்கிறது. அதற்குக் காரணம் அதன் மெதுவான போக்கு.

முதலில் பட்டைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1958-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் ஒரு கைகர் எண்ணியை வைத்து அனுப்பினார். உயரமான பகுதிகளில் அந்தக் கருவி எதையுமே எண்ணாமல் போனது. கதிர்வீச்சு இல்லாததால் அன்று, தாங்க முடியாத அளவு கதிர்வீச்சு இருந்ததால்தான் கருவி திணறி நின்றுவிட்டது என்பதை அவருடைய குழு புரிந்துகொண்டபோது, வான் ஆலன் பட்டைகள் கண்டறியப்பட்டன. உள்பட்டை சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்திலும், வெளிப்பட்டை ஏறத்தாழ 13,000 கிலோமீட்டரிலிருந்து 60,000 கிலோமீட்டர் வரையிலும் பரவியிருக்கின்றன. உள்பட்டையில் பெரும்பாலும் ஆற்றல்மிக்க புரோட்டான்கள்; அது பெரிதாக மாறுவதில்லை. வெளிப்பட்டையில் எலக்ட்ரான்கள்; அதுவோ சில மணி நேரத்தில் ஆயிரம் மடங்கு பெருகவும் கூடும், அதே வேகத்தில் வறண்டு போகவும் கூடும். இக்கட்டுரை இந்த இரண்டாவது பட்டையைப் பற்றியது.

நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்போருக்கு ஒரு செய்தி. கோலாலம்பூரில் அடைமழை கொட்டினால் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி அறுந்துபோவது எல்லாருக்கும் பழகிய ஒன்று. அதற்குக் காரணம் தரைக்கு அருகிலுள்ள மழைத்துளிகள். ஆனால் அந்தச் சமிக்ஞை புறப்படும் மியாசாட் செயற்கைக்கோள்கள் கிழக்கு 91.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு 35,786 கிலோமீட்டர் மேலே, அதாவது வெளிப்பட்டையின் உள்ளேயே நிற்கின்றன. நம் வீட்டுக் கூரைத் தட்டு எந்தப் புள்ளியை நோக்கித் திருப்பப்பட்டிருக்கிறதோ, அந்தப் புள்ளியே எலக்ட்ரான்களின் பாதையில்தான் இருக்கிறது. மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவு ஆற்றல் கொண்டவை செயற்கைக்கோளின் உலோக உறையைத் துளைத்து, உள்ளே கம்பிகளின் மின்காப்புப் பொருளிலும் மின்சுற்றுப் பலகைகளிலும் சிறிது சிறிதாக மின்னூட்டத்தைச் சேர்க்கின்றன. ஒரு கட்டத்தில் அது குட்டி மின்னலாய்ப் பாய்ந்து சுற்றுகளைக் கெடுத்துவிடும். 1994-ஆம் ஆண்டு ஜனவரி 20, 21 தேதிகளில் கனடாவின் அனிக் இ1, இ2 ஆகிய இரண்டு தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களும் அடுத்தடுத்துக் கட்டுப்பாட்டை இழந்தது இவ்வகைச் சேதத்துக்கு அடிக்கடி காட்டப்படும் சான்று. இ1 சில மணி நேரத்தில் மீண்டது. இ2-ஐ மீட்கப் பல மாதங்கள் ஆயின.

எனவே வெளிப்பட்டை எப்போது பெருகும், எப்போது சுருங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை உண்மையானது. சூரியனிலிருந்து வரும் பிளாஸ்மா மேகங்கள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களின் திரள்கள், பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும்போது காந்தப்புயல் எழுகிறது. புயல் வந்தால் பட்டை பெருகும் என்றுதான் நீண்ட காலம் எதிர்பார்க்கப்பட்டது. 1989 முதல் 2000 வரை நிகழ்ந்த 276 புயல்களை ஆராய்ந்து ஜெஃப் ரீவ்ஸும் அவருடைய உடனாய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட முடிவு அந்த எதிர்பார்ப்பைக் கலைத்தது. ஏறத்தாழ பாதிப் புயல்களில்தான் எலக்ட்ரான்கள் பெருகின. கால் பங்கில் குறைந்தன. மீதிக் கால் பங்கில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. புயலின் வலிமைக்கும் விளைவுக்கும் நேரடித் தொடர்பு தென்படவில்லை.

இதற்கான விளக்கம், ஒவ்வொரு புயலும் எலக்ட்ரான்களை முடுக்கவும் செய்கிறது, வெளியேற்றவும் செய்கிறது என்பதே. நாம் காணும் பட்டை, வரவிலிருந்து செலவு போக எஞ்சிய இருப்பு மட்டுமே. இரண்டும் பெரிய எண்களாக இருக்கும்போது, எஞ்சியதை மட்டும் பார்த்து வரவை ஊகிக்க முடியாது. வரவும் செலவும் சமமாகப் பொங்கிய புயலும், இரண்டுமே நிகழாத அமைதியான நாளும் இருப்பில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆக, எலக்ட்ரான்கள் எப்படி முடுக்கப்படுகின்றன என்ற கேள்விக்கே, எவ்வளவு இழக்கப்படுகின்றன என்பதை அளக்காமல் பதில் கிடைக்காது. முடுக்கம் குறித்த கோட்பாடுகளுக்குக் கிடைத்த கவனம் இழப்பை அளக்கும் பணிக்கு நெடுநாள் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். கண்ணில் பளிச்சென்று படாத வேலைதான். ஆனால் கணக்கு முடிய அது இன்றியமையாதது.

இழப்பு எப்படி நிகழ்கிறது?

பட்டையில் சிக்கிய எலக்ட்ரானுக்கு மூன்று இயக்கங்கள் உண்டு. காந்தப்புலக் கோட்டைச் சுற்றி நொடிக்கு ஆயிரம் முறை என்ற அளவில் அது சுழல்கிறது. அதே சமயம் அந்தக் கோட்டின் வழியே வடக்குக்கும் தெற்குக்குமாக ஒரு நொடிக்குள் போய்த் திரும்புகிறது. துருவங்களை நெருங்க நெருங்கக் காந்தப்புலம் வலுப்பதால், ஓரிடத்தில் அது பின்னோக்கித் தள்ளப்படுகிறது. மூன்றாவதாக, மெல்ல மெல்லக் கிழக்கு நோக்கி நகர்ந்து, 10 அல்லது 15 நிமிடங்களில் பூமியை ஒரு முறை சுற்றி வந்துவிடுகிறது. இந்த எண்கள் ஏறத்தாழ 1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட எலக்ட்ரானுக்குரியவை.

எலக்ட்ரான் எந்த உயரத்தில் திரும்பும் என்பது, நிலநடுக்கோட்டுத் தளத்தைக் கடக்கும்போது அதன் திசை காந்தப்புலக் கோட்டோடு எவ்வளவு கோணம் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோணம் பெரிதாக இருந்தால் வெகு உயரத்திலேயே திரும்பிவிடும். கோணம் மிகச் சிறிதாக இருந்தால் திரும்புவதற்குள் 100 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கி, காற்று மூலக்கூறுகளில் மோதி ஆற்றலை இழந்துவிடும். பிறகு பட்டைக்குத் திரும்பாது. இந்தச் சிறு கோணத்துக்கு இழப்புக் கூம்பு என்று பெயர். வெளிப்பட்டையின் நடுப்பகுதியில், நிலநடுக்கோட்டுத் தளத்தில், அந்தக் கூம்பின் அரைக்கோணம் 3 பாகை அளவே.

தானாக விட்டால் எலக்ட்ரானின் கோணம் மாறாது. அதை மாற்றுபவை அங்கே உலவும் பிளாஸ்மா அலைகள். அவற்றில் மூன்று முதன்மையானவை. விடியல் பக்கத்தில் வலுவாக எழும் கோரஸ் அலை, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கே நீடிக்கும் நுண்வெடிப்புகளாக எலக்ட்ரான்களைக் கீழே தள்ளுகிறது. அதே அலை மற்ற எலக்ட்ரான்களை முடுக்கவும் செய்கிறது. குளிர்ந்த பிளாஸ்மா அடர்ந்திருக்கும் உட்பகுதியில் ஹிஸ் எனப்படும் அலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெதுவாக எலக்ட்ரான்களைக் கரைக்கிறது. மாலைப் பக்கத்தில், சூடான அயனிகளும் குளிர்ந்த பிளாஸ்மாவும் சந்திக்கும் இடத்தில், நொடிக்கு ஓரிரு முறை மட்டுமே அதிரும் அயனிச் சுழல் அலைகள் எழுகின்றன. இவை மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களைச் சில நிமிடங்களிலேயே பெருமளவில் கொட்டிவிடக் கூடியவை.

அளப்பதில் உள்ள இடர்

பட்டையின் நடுவில் பறக்கும் விண்கலம் எலக்ட்ரான்களை நேரடியாக எண்ணலாம். 2012 ஆகஸ்ட் 30-இல் ஏவப்பட்டு 2019 வரை உழைத்த நாசாவின் வான் ஆலன் இரட்டை விண்கலங்கள் அதைத்தான் செய்தன. ஏவப்பட்ட சில நாள்களிலேயே, நான்கு வாரங்கள் அளவில் நீடித்த மூன்றாவது பட்டை ஒன்றையும் அவை கண்டன. ஆனால் 3 பாகை அளவுள்ள இழப்புக் கூம்பைப் பக்கத்தில் இருக்கும் மற்ற திசைகளிலிருந்து பிரித்துப் பார்க்கும் கூர்மை பட்டையின் நடுவில் பறக்கும் கருவிகளுக்குக் கிடைப்பது மிக அரிது. ஒரு நாள் எலக்ட்ரான்கள் குறைந்திருப்பதைக் காட்டும் அவை, குறைந்தவை எங்கே போயின என்பதைக் காட்டுவதில்லை.

தாழ்ந்த துருவச் சுற்றுப்பாதையில் பறக்கும் செயற்கைக்கோள் இழப்புக் கூம்பை நன்றாகவே பார்க்கிறது. 1992 முதல் 2012 வரை இயங்கிய சாம்பெக்ஸ் செயற்கைக்கோளே நுண்வெடிப்புகளைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதியைத் தந்தது. அதன் குறை வேறு விதமானது. நொடிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், வெளிப்பட்டையின் கோடுகள் தரையைத் தொடும் மண்டலத்தை அது மூன்று, நான்கு நிமிடங்களில் கடந்துவிடுகிறது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவை நோக்கிக் காரில் செல்லும்போது மழை பிடித்து, சற்று நேரத்தில் விட்டால், மழை ஓய்ந்ததா, நாம்தான் மழைப் பகுதியைத் தாண்டிவந்துவிட்டோமா என்று காருக்குள் இருந்து சொல்ல முடியாது. செயற்கைக்கோளின் நிலையும் அதுவே. எலக்ட்ரான் பொழிவு எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு பரப்பில் பெய்தது என்ற இரண்டையும் பிரித்தறியாமல் மொத்த இழப்பைக் கணக்கிட வழியில்லை.

பலூனோ மணிக்குச் சில பத்து கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. பூமியோடு சேர்ந்து சுழல்வதால், ஒரே காந்தப்புலக் கோட்டின் அடியில் மணிக்கணக்கில் நிற்கிறது என்றே கொள்ளலாம். பொழிவு தொடங்குவதையும், ஏறி இறங்குவதையும், முடிவதையும் அது முழுமையாகப் பார்க்கிறது. பல பலூன்களை இடைவெளி விட்டு மிதக்கவிட்டால் பொழிவின் பரப்பும் தெரிந்துவிடும்.

எலக்ட்ரான்கள் பலூன் வரை வருவதில்லை

1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் 60 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி நின்றுவிடும். ஆற்றல் குறைந்தவை அதற்கும் மேலேயே நின்றுவிடும். 35 கிலோமீட்டரில் மிதக்கும் பலூனை அவை எட்டுவதேயில்லை. ஆனால் காற்று அணுக்களின் கருக்களை நெருங்கிச் செல்கையில் எலக்ட்ரான்கள் திடீரென வேகம் தடைப்பட்டு எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன. எலக்ட்ரானின் ஆற்றலில் மிகச் சிறு பங்கே இப்படிக் கதிராக மாறுகிறது என்றாலும், எக்ஸ் கதிர்களுக்கு ஊடுருவும் திறன் அதிகம் என்பதால் அவை பலூனின் உயரம் வரை இறங்கி வருகின்றன. அந்த உயரத்துக்கு மேலே வளிமண்டலத்தின் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான காற்றே எஞ்சியிருக்கிறது. ஏறத்தாழ 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட கதிர்களை அந்த மெல்லிய காற்றும் விழுங்கிவிடும். மற்றவை கருவியை அடையும். தரையில் நின்று இதைச் செய்ய இயலாததற்கும், விமானத்தின் உயரம் போதாததற்கும் இதுவே காரணம். ஒரு பலூன் தன்னைச் சுற்றி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நிகழும் பொழிவைக் காண்கிறது.

கருவி எளியது. சோடியம் அயோடைடு படிகம் ஒன்றில் எக்ஸ் கதிர் பட்டால் ஓர் ஒளித்துளி பிறக்கும். அதன் பொலிவு கதிரின் ஆற்றலைச் சொல்லும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பலூன் அளப்பது எக்ஸ் கதிர்களை. நமக்கு வேண்டியது எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் ஆற்றலும். எந்த ஆற்றல் கொண்ட எத்தனை எலக்ட்ரான்கள் மேலே விழுந்தால் இந்த எக்ஸ் கதிர் வரைபடம் கிடைக்கும் என்று, ஒவ்வொரு மோதலையும் கணினியில் பின்தொடர்ந்து கணக்கிட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் ஏறக்குறைய ஒரே வரைபடத்தைத் தரக்கூடும் என்பதால், எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலைப் பற்றி ஏதேனும் ஓர் ஊகத்தை முன்வைத்தே தொடங்க வேண்டியிருக்கிறது. பட்டையின் நடுவில் உள்ள விண்கலம் அதே நேரத்தில் அதே கோட்டில் அளந்திருந்தால் அந்த ஊகத்துக்கு வலு சேரும். பலூனும் விண்கலமும் ஒன்றுக்கொன்று துணை என்பது இதனால்தான்.

நீண்ட பாதை

பலூனில் ஏறி வானக் கதிர்வீச்சைத் தேடும் மரபு பழையது. 1912 ஆகஸ்ட் 7-இல் ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் 5,000 மீட்டருக்கு மேல் பறந்து, உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டு காஸ்மிக் கதிர்களை நிறுவினார். 1957-இல் மினசோட்டாவின் ஜான் வின்க்லர், துருவ ஒளி தோன்றிய இரவில் பறந்துகொண்டிருந்த பலூனில் எக்ஸ் கதிர் வெடிப்புகளைப் பதிவு செய்தார். அதே ஆண்டில் மாஸ்கோவின் லெபெதேவ் இயற்பியல் நிறுவனம் தொடங்கிய தொடர் பலூன் அளவீடு பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

ஆனால் பட்டையின் மிக ஆற்றல்வாய்ந்த எலக்ட்ரான்களே விழுவதைப் பலூன் காட்டியது பிற்பாடுதான். 1996 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, சுவீடனின் கிரூனாவிலிருந்து எழுந்த ஒரு பலூன், மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டையும் தாண்டிய எக்ஸ் கதிர் வெடிப்பு ஒன்றைக் கண்டது. இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் அது மீண்டும் மீண்டும் எழுந்து தணிந்தது. தற்செயலாகக் கிடைத்த அந்த ஒரே நிகழ்வு ஒரு துறையையே திசைதிருப்பியது. 2000 ஜனவரியில் அண்டார்டிகாவின் மெக்மர்டோவிலிருந்து பறந்த மாக்சிஸ் பலூன், 8 நாள் இடைவெளிக்குள் இத்தகைய 9 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை யாவும் காந்தப்புல நேரக்கணக்கில் பிற்பகலுக்கும் நள்ளிரவுக்கும் இடைப்பட்ட பக்கத்திலேயே நிகழ்ந்தன என்பது மாலைப் பக்க அயனிச் சுழல் அலைகளைச் சுட்டிக்காட்டியது. அந்த 8 நாளில் விழுந்தவற்றின் மதிப்பீடு, வெளிப்பட்டையில் எந்நேரமும் இருக்கும் மொத்த எண்ணிக்கைக்குக் குறையாததாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக முக்கியமான எண் இதுதான். ஒரு வாரத்தில் பட்டை முழுவதும் காலியாகி மறுபடி நிரம்பக்கூடும் என்றால், அமைதியாகத் தெரியும் பட்டையின் அடியில் எவ்வளவு பெரிய ஓட்டம் இருக்கிறது! ஆயினும் அது ஒரே ஒரு பலூன். மற்ற இடங்களில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

அந்தக் குறையைப் போக்கவே அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த ராபின் மில்லன் தலைமையில், நாசாவின் நிதியோடு, பேரல் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பலூன் அணித் திட்டம் உருவானது. வான் ஆலன் விண்கலங்கள் மேலே அளக்கும் அதே காலத்தில் கீழே அளப்பதற்காகவே அது வகுக்கப்பட்டது. 2013 ஜனவரி–பிப்ரவரியில் ஒரு தொடர், 2013 டிசம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை இன்னொரு தொடர். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 20 பலூன்கள், பிரிட்டனின் ஹாலி, தென்னாப்பிரிக்காவின் சனே 4 ஆகிய அண்டார்டிக் நிலையங்களிலிருந்து எழுந்தன. முழுதாக விரிந்தபின் பலூனின் விட்டம் 27 மீட்டர் அளவு இருக்கும். ஆனால் அது சுமக்கும் கருவிப் பெட்டியின் எடை 20 கிலோகிராம் அளவே. பெரிய அறிவியல் பலூன்களுக்கு வேண்டிய ஏவு வண்டிகள் எதுவுமின்றி, சில பேர் சேர்ந்து கையாலேயே விட முடிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக விடப்பட்டவை கண்டத்தைச் சுற்றிச் சங்கிலிபோலப் பரவி, ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து அளவுகளை இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசி வலை வழியாக அனுப்பிக்கொண்டிருந்தன. 2015, 2016 ஆகஸ்ட் மாதங்களில் கிரூனாவிலிருந்தும் சில பலூன்கள் விடப்பட்டன.

கோடையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அண்டார்டிகக் கோடையில் சூரியன் மறைவதில்லை. இரவு வந்தால் பலூனுக்குள்ளிருக்கும் ஹீலியம் குளிர்ந்து சுருங்கி உயரம் குறையும். பகல் மட்டுமே இருந்தால் உயரம் நிலைக்கிறது, சூரியத் தகடுகளும் ஓயாமல் மின்சாரம் தருகின்றன. அந்தப் பருவத்தில் அடுக்குமண்டலக் காற்று கிழக்கிலிருந்து மேற்காகத் துருவத்தைச் சுற்றி வீசுவதால், பலூன்கள் வெளிப்பட்டையின் கோடுகள் இறங்கும் பகுதியைவிட்டு எளிதில் விலகிப்போவதில்லை.

பினாங்கிலிருந்து ஏன் முடியாது?

பாயான் லெப்பாஸிலிருந்து நாள்தோறும் பலூன் விடும் நாம், அதில் ஒரு சோடியம் அயோடைடு படிகத்தையும் கட்டி அனுப்பலாமே என்று நினைப்பது இயல்பு. அனுப்பினால் காஸ்மிக் கதிர்களின் எதிரொலி கிடைக்கும்; வெளிப்பட்டையின் எலக்ட்ரான்கள் கிடைக்க மாட்டா. பட்டை நம் தலைக்கு நேர் மேலேதான் இருக்கிறது, ஆனால் எலக்ட்ரான்கள் நேர் கீழே விழுவதில்லை. காந்தப்புலக் கோட்டின் வழியேதான் இறங்க முடியும். காந்த நடுக்கோடு பினாங்குக்குச் சற்று வடக்கே செல்கிறது. இங்கே காந்தப்புலம் ஏறத்தாழ கிடைமட்டமாக இருப்பதால், நம் வானத்தின் கோடுகள் பட்டை வரை உயராமல் தாழ்வாகவே வளைந்து இறங்கிவிடுகின்றன. நமக்கு நேர் மேலே 25,000, 30,000 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் கோடுகளோ வடக்கே சைபீரியாவின் வட பகுதியிலும், தெற்கே இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலும் தரையைத் தொடுகின்றன. மியாசாட்டின் அருகே சிதறடிக்கப்படும் ஓர் எலக்ட்ரான் வந்து விழும் இடங்கள் அவைதான்.

தெற்கே அந்தத் தீர்க்கரேகையில் நிலமில்லை என்பதால் பலூன் விட இடமுமில்லை. ஹாலியும் சனேயும் இந்த வேலைக்கு வாய்த்ததற்கு, பூமியின் காந்த அச்சு சுழல் அச்சிலிருந்து சாய்ந்திருப்பதே காரணம். ஹாலி நிலையம் தெற்கு 75 பாகைக்கும் அப்பால் இருந்தும், காந்த அட்சரேகைக் கணக்கில் ஏறத்தாழ 62 பாகையில் மட்டுமே நிற்கிறது. வெளிப்பட்டையின் நடுப்பகுதிக் கோடுகள் இறங்கும் இடம் அது. அண்டார்டிகாவின் மற்றப் பக்கங்களில் அந்தக் கோடுகள் கடலில்தான் இறங்கும்.

காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதில் பலூன் ஆய்வுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆற்றல் குறைந்த காஸ்மிக் கதிர்களைக் காந்தப்புலம் தடுத்துவிடுவதால், பின்னணி இரைச்சல் குறைந்த அமைதியான வானம் நமக்குக் கிடைத்திருக்கிறது. தொலைதூர விண்மீன்களின் எக்ஸ் கதிர்களைப் பலூன் வழியே தேடுவோர் இதனால்தான் ஐதராபாத்திலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையத்தை நாடினார்கள். காந்தப்புயலின் போது புலம் எவ்வளவு தளர்கிறது என்பதை அளக்கவும் இந்த அட்சரேகைகளே ஏற்றவை. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தின் மாக்டாஸ் காந்தமானி வலையில் லங்காவியும் ஒரு நிலையமாக இடம்பெற்றது.

பலூன் அணி கண்டவை

2013 ஜனவரி 17-இல் பேரல் பலூன் பதிவு செய்த பொழிவின் போது, ஜியோஸ் 13 செயற்கைக்கோள் புவிநிலைச் சுற்றுப்பாதையில் அயனிச் சுழல் அலைகளைக் கண்டது. அந்த அலைகளின் வலிமையை வைத்துக் கணக்கிட்டால் எத்தகைய எலக்ட்ரான்கள் விழ வேண்டுமோ, அவை எத்தகைய எக்ஸ் கதிர்களைத் தர வேண்டுமோ, அதற்கு இணங்கவே பலூனின் பதிவு இருந்தது. மாக்சிஸ் காலத்தில் சுட்டிக்காட்டலாக மட்டும் இருந்த ஒன்று, இப்போது அலை, சிதறல், பொழிவு என ஒவ்வொரு கண்ணியும் எண்ணால் இணைந்த சங்கிலியாகியது.

2014 ஜனவரியில் கிடைத்தது அதைவிட எதிர்பாராதது. ஹிஸ் அலையின் வலிமையை வான் ஆலன் விண்கலம் அளந்துகொண்டிருந்தது. வெகு தொலைவில் பலூன்கள் எக்ஸ் கதிர்களை எண்ணிக்கொண்டிருந்தன. இரண்டு பதிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போலச் சேர்ந்தே ஏறி இறங்கின. ஹிஸ் அலை அங்கங்கே தனித்தனியாகத் தோன்றி மறைவது என்றிருந்த எண்ணத்துக்கு மாறாக, பல நிமிட அலைவுக்காலம் கொண்ட பெரும் காந்த அலைகள் பிளாஸ்மா மண்டலம் முழுவதையும் ஒரே தாளத்தில் அசைத்து, ஹிஸ் அலையையும் அதன் வழியே எலக்ட்ரான் இழப்பையும் பேரளவில் ஒத்திசைக்கின்றன என்பதை 2015-இல் ஆரன் பிரெனமனும் உடனாய்வாளர்களும் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் பல பலூன்கள் இல்லாமல் இதைக் கண்டிருக்க முடியாது என்று துணிந்து சொல்லலாம்.

பலூன் காணாத இழப்புகளும் உண்டு. சூரியக் காற்றின் அழுத்தம் கூடும்போது காந்தமண்டலத்தின் வெளி எல்லை உள்ளே நெருக்கப்பட்டு, வெளிப்பட்டையின் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் விண்வெளிக்குள் நழுவிப்போகின்றன. புயலின் தொடக்கத்தில் பட்டை திடீரென வறள்வதற்கு இதுவே முதன்மைக் காரணமாக இருக்கக்கூடும் என்பதை தெமிஸ் விண்கலங்களின் பதிவுகளைக் கொண்டு டுரூ டர்னரும் உடனாய்வாளர்களும் 2012-இல் காட்டினார்கள். இது தவிர, புலம் தளர்வதால் எலக்ட்ரான்கள் தற்காலிகமாக வெளிநோக்கி விரிந்து, குறைந்துவிட்டது போன்ற தோற்றத்தை மட்டும் தந்துவிட்டுத் திரும்புவதும் உண்டு. பட்டை வறண்ட நேரத்தில் பலூன்கள் பொழிவைக் காணாவிட்டால், அந்த இன்மையும் ஒரு சான்றுதான். எலக்ட்ரான்கள் மேல்நோக்கிப் போயிருக்கின்றன, அல்லது போகவேயில்லை.

கீழே விழும் எலக்ட்ரான்களின் கதை எக்ஸ் கதிரோடு முடிந்துவிடுவதில்லை. 60 முதல் 80 கிலோமீட்டர் உயரத்தில் அவை காற்று மூலக்கூறுகளைப் பிளப்பதால் நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகி, அந்த உயரத்து ஓசோனை அரிக்கின்றன. துருவப் பகுதிகளின் வளிமண்டல வேதியியலை மாதிரியாக்குவோருக்குப் பொழிவின் அளவு தேவைப்படுவது இதனால்தான். நுண்வெடிப்புகளின் உண்மையான பரப்பளவு என்ன, மொத்த இழப்பில் அவற்றின் பங்கு எவ்வளவு என்பதும் விவாதத்தில் இருக்கிறது. சிறிய கனசதுரச் செயற்கைக்கோள்கள் இப்போது இந்தப் பணியில் சேர்ந்துள்ளன; 2024 மே மாதப் பெரும்புயலுக்குப் பிறகு புதிதாகத் தோன்றிய இரண்டு தற்காலிகப் பட்டைகளைக் கண்டதும் சர்பி என்ற அத்தகைய சிறு செயற்கைக்கோளே. எவ்வளவு நாள் அத்தகைய பட்டைகள் நீடிக்கும் என்பதை முடிவு செய்வது, மீண்டும், இழப்பின் வேகம்.

மலேசியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. 1982-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் அப்போதைய பிரதமர் மகாதீர், அந்தக் கண்டம் சில நாடுகளின் தனி உரிமையாக இருக்கக் கூடாது என்ற கேள்வியை எழுப்பினார். 2011 அக்டோபர் 31-இல் மலேசியா அண்டார்டிக் ஒப்பந்தத்தில் இணைந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஓர் ஆய்வு மையமும் உண்டு. கடல், நுண்ணுயிர், வானிலை ஆகியவற்றோடு மேல்வளிமண்டல ஆய்வும் இந்தப் பணியில் உரிய இடம் பெற வேண்டும் என்பது என் வேண்டுகோள். 20 கிலோகிராம் பெட்டியும் கையால் விடக்கூடிய பலூனும் ஒரு பல்கலைக்கழகத் துறையின் வலிமைக்கு அப்பாற்பட்டவை அல்ல.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. பேரல் பலூன்களின் பதிவுகள் அனைத்தும் நாசாவின் விண்வெளி இயற்பியல் தரவுக் கிடங்கில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கின்றன. இளநிலை இயற்பியல் படிக்கும் ஒரு மாணவர் அவற்றை வரைந்து பார்த்தால், முதலில் கண்ணில் படுவது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஓயாமல் நிற்கும் ஒரு கோடு. அது பட்டையைச் சார்ந்ததன்று. காஸ்மிக் கதிர்கள் காற்றில் உண்டாக்கும் பாசிட்ரான்கள் எலக்ட்ரான்களோடு சேர்ந்து அழியும்போது பிறப்பது. படிகம் வெப்பத்தாலும் குளிராலும் தடுமாறும்போது ஆற்றல் அளவுகோலைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் இந்தக் கோட்டையே நம்பினார்கள். அதை அடையாளம் கண்டபின், எண்ணிக்கை சில நிமிடங்கள் உயர்ந்து தாழும் இடங்களைத் தேட வேண்டும். உயர்வு 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டோடு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் துருவ ஒளியோடு தொடர்புடைய சாதாரணப் பொழிவு. மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டை நோக்கி நீண்டால் வெளிப்பட்டையே கசிகிறது என்று பொருள். தொடங்குவதற்கு 2013 ஜனவரி 17-ஆம் தேதிப் பதிவு பொருத்தமானது, ஏனெனில் அதே நேரத்து ஜியோஸ் 13 காந்தமானி அளவுகளும் திறந்தே கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே நேர அச்சில் வைத்து, அலை எழுந்த பொழுதையும் எக்ஸ் கதிர் ஏறிய பொழுதையும் மாணவரே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.